பெருஞ்சிலந்தியின் பெயரும் அதன் காடும்

2009ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, வன்னியில் போர் ஓய்ந்து சில மாதங்களே கழிந்திருந்த வேளையில், சிலந்தியினங்களைக் கணக்கெடுக்கும் நோக்குடன் மாங்குளம் சென்றிருந்த ஆய்வுக் குழுவொன்றினரிடம் ஊர்வாசி ஒருவர் செத்த சிலந்தியொன்றைக் கொணர்ந்து கொடுத்தார். அதனைக் கொன்றவரும் அவரே. ரணில் நாணயக்கார முதலிய ஆய்வாளர்கள் அதன் கால்களிலிருந்த மஞ்சள் குறிகளையும் உடலின் கீழ்ப்புறத்து இளஞ்சிவப்புப் பட்டியையும் கண்டு, இஃது ஏலவே அறியப்பட்ட இனங்களுள் அடங்காது என ஐயுற்றனர். பின்னர் உயிருள்ளவற்றைத் தேடியலைந்தபோது, மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலே பெண் சிலந்திகளையும் குஞ்சுகளையும் கண்டனர். கால்களை விரித்தால் ஏறக்குறைய 20 சதமமீற்றர் வரை அகலும் அச்சிலந்தி 2012ஆம் ஆண்டின் இறுதியிலே புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. காட்டு வழியில் ஆய்வாளருக்குத் துணைநின்ற பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் பெயரால் அதற்கு 'ராஜே' என்னும் இனப்பெயர் இடப்பட்டது. முதன்முதல் அதனைக் கொணர்ந்தவரோ செய்திகளில் 'கிராமவாசி ஒருவர்' என்ற அளவிலே நின்றுவிட்டார்.

அவர் அதனைக் கொன்றமைக்காக அவரைக் குறைகூறுவதற்கில்லை. உள்ளங்கையினும் பெரிய உரோமம் அடர்ந்த எட்டுக்காலி ஒன்று சுவரிலே ஊர்ந்துவரக் கண்டால் நம்மிற் பெரும்பாலோர் செருப்பைத்தான் தேடுவோம். ஆயினும் இச்சம்பவத்தினுள்ளே இரண்டு வினாக்கள் பொதிந்து கிடக்கின்றன. இவ்வுயிரின்மீது இத்தகைய அச்சம் எவ்வாறு ஏற்றப்பட்டது என்பது ஒன்று. மரப்பொந்திலே வாழவேண்டிய சிலந்தி வைத்தியர் விடுதிக்குள் குடிவந்தது ஏன் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடைதேட ஐரோப்பிய வரலாற்றுக்குள்ளும், இரண்டாவதற்கு விடைதேட நமது மண்ணின் வரலாற்றுக்குள்ளும் புகவேண்டியிருக்கிறது.

நமது செய்தித்தாள்கள் 'டரன்டுலா' என்றெழுதும் பெயர் இத்தாலியின் தெற்குக் கரையிலுள்ள தாரந்தோ என்னும் துறைமுக நகரிலிருந்து பிறந்தது. ஆகவே 'தாரந்துலா' என்றெழுதுவதே மூலத்துக்கு நெருக்கமானது. அந்நகரைச் சூழ்ந்த பூலியாப் பிரதேசத்தின் கோதுமை வயல்களிலே வாழ்ந்த ஓநாய்ச் சிலந்தி ஒன்றுக்கே அப்பெயர் முதலில் வழங்கிற்று. அதன் உடல் நமது பெருவிரலின் பாதியளவுதான். மத்திய காலந்தொட்டே அப்பகுதியில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருந்தது. சிலந்தி கடித்தவர் சோர்ந்து வீழ்வார், அழுவார், அரற்றுவார், இசை கேட்டு நாட்கணக்காக ஆடினாலன்றி அவர் பிழையார் என்பது அந்நம்பிக்கை. வயலின்காரரும் கஞ்சிராக்காரரும் அழைக்கப்பட்டனர். எந்த இராகத்துக்கு நோயாளியின் உடல் அசைகிறதோ அந்த இராகம் வாசிக்கப்பட்டது. 'தரந்தெல்லா' என்னும் நடனத்தின் பெயரும் இதனோடு இணைந்ததே. யேசுசபை அறிஞரான அத்தனாசியஸ் கிர்ச்சர் 1641இல் வெளியிட்ட நூலிலே இந்நோய்க்கு மருந்தான இசையினைச் சுரக்குறிகளோடு அச்சிட்டார். ஆக, கற்றோரும் இதனை நம்பினர்.

18ஆம் நூற்றாண்டிலே மருத்துவர் சிலர் ஐயம் எழுப்பினர். ஆனால் அவர்களுள் சிலர் சிலந்தியின்மீது கிடந்த பழியை எடுத்துப் பூலியா மக்களின் 'இயல்பின்' மீது போட்டனர். வெயிலும் மந்தபுத்தியும் கலந்த மக்கள், ஆகவே ஆடுகிறார்கள் என்பது போன்ற விளக்கம். மேட்டுக்குடியினர் அடித்தட்டு மக்களின் துயரத்துக்கு இவ்வாறு விளக்கம் கூறுவது நமக்கும் புதிதன்று.

இந்த ஆட்டத்தின் உண்மையான தளத்தைக் கண்டு சொன்னவர் ஏர்னெஸ்தோ தெ மார்த்தினோ. இத்தாலியப் பொதுவுடைமை இயக்கத்தோடு தொடர்புற்று, கிராம்சியின் சிந்தனைகளை உள்வாங்கி நின்ற மானிடவியலாளர் இவர். 1959ஆம் ஆண்டு கோடையிலே மனநோய் மருத்துவர், உளவியலாளர், இசை ஆய்வாளர் ஆகியோரைக் கொண்ட குழுவொன்றுடன் பூலியாவின் தென்முனைக்குச் சென்றார். யூன் 29ஆம் நாள் பீற்றர், பவுல் என்னும் இரு புனிதரின் திருநாளன்று கலத்தீனா என்னும் ஊரின் சிற்றாலயத்திற்கு வந்து விழுந்து புரண்ட 'கடியுண்டோரை' அக்குழு நேரிற் கண்டது. அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். அறுவடை வயலிலும் புகையிலைத் தோட்டத்திலும் கூலிக்கு உழைத்த ஏழைப் பெண்கள். விரும்பியவனை மணக்க இயலாதவள், விரும்பாதவனுக்கு மனைவியாக்கப்பட்டவள், இளமையிலே தந்தையை இழந்தவள் எனத் துயரங்கள் பலவகை. பலருக்கு முதற்கடி பருவமெய்திய காலத்திலே நேர்ந்திருந்தது. அதன்பின் ஆண்டுதோறும் அதே கோடையிலே சிலந்தி அவர்களை 'மீண்டும்' கடித்தது. எந்தச் சிலந்தியின் நஞ்சும் நாட்காட்டி பார்த்து ஏறுவதில்லை. சொல்ல வாயில்லாதவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. சிலந்தியின் கடி அம்மொழியாயிற்று. 1961இல் வெளிவந்த தமது நூலுக்கு அவர் இட்ட தலைப்பிலே 'ரிமோர்சோ' என்றொரு சொல் இருக்கிறது. இத்தாலிய மொழியில் அதற்கு மனவுறுத்தல் என்றும் மறுகடி என்றும் பொருள்கொள்ளலாம். நமது கோயில் வீதிகளிலே உருவேறி ஆடும் பெண்களைப் பற்றி எழுதப் புகுவோர் இந்நூலை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தல் நன்று. ஆடும் பெண்ணைக் கண்டு நகைப்பவரும் உண்டு, கைகூப்புபவரும் உண்டு. அவள் மற்றை நாட்களில் எவ்வாறு வாழ்கிறாள் என்று கேட்பவர் அரியர்.

ஓநாய்ச் சிலந்தியின் கடி குளவிக் கொட்டினும் பெரிதன்று. நோய் விளைவிக்கும் வேறொரு சிறு கருஞ்சிலந்தி அவ்வயல்களில் உண்டு. அதன் குற்றமும் சேர்த்து இதன் தலையிலே சுமத்தப்பட்டது என்பர். எவ்வாறாயினும், சுமத்தப்பட்ட பழியோடு அப்பெயர் கப்பலேறிற்று. அமெரிக்கக் கண்டத்திலும் ஆசியாவிலும் உரோமம் செறிந்த பெரிய சிலந்திகளைக் கண்ட ஐரோப்பியர், தமக்குத் தெரிந்த அச்சத்தின் பெயரை அவற்றுக்கும் இட்டனர். இன்று அப்பெயருக்கு உரிமையுடைய குடும்பத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. தாரந்தோ நகரத்துச் சிறு சிலந்தி அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

இக்குடும்பத்தைப் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதும் ஒரு கதை. 1699ஆம் ஆண்டு மரியா சிபில்லா மேரியன் என்னும் ஜேர்மன் ஓவியர், தமது 52ஆவது வயதிலே, ஓவியங்களை விற்றுச் சேர்த்த பணத்துடன் இளைய மகளையும் அழைத்துக்கொண்டு, தென் அமெரிக்காவில் ஒல்லாந்தரின் கரும்புக் குடியேற்றமாயிருந்த சூரினாமுக்குக் கப்பலேறினார். அங்கிருந்த தோட்டத் துரைமார் கரும்பையன்றி வேறொன்றை நாடி வந்த பெண்மணியைக் கண்டு நகைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவருக்கு வழிகாட்டியவர்களும் காட்டிலே செடி வெட்டிப் பாதை செய்தவர்களும் அடிமைகளாயிருந்த ஆபிரிக்கரும் அந்நாட்டின் பூர்வகுடிகளுமே. 1705இல் அம்ஸ்ரடாமில் வெளிவந்த அவரது பெருநூலின் 18ஆவது ஓவியத்திலே, கொய்யாக் கிளையொன்றின் மீது பெருஞ்சிலந்தியொன்று சிறு பறவையொன்றைப் பற்றியிருக்கிறது.

அதே நூலிலே மயிற்கொன்றையைப் பற்றிய பகுதி ஒன்றும் உண்டு. நம் வீட்டு வேலியோரங்களிலே செம்மஞ்சளாய்ப் பூக்கும் அதே மயிற்கொன்றைதான். தமக்குப் பிறக்கும் குழந்தை அடிமையாகக் கூடாதென்று அடிமைப் பெண்கள் அதன் விதையை உண்டு கருவைக் கலைத்தனர் என்றும், அதனை அப்பெண்களே தமக்குக் கூறினர் என்றும் மேரியன் எழுதினார். சிலந்தியைப் பற்றி எழுதும் கட்டுரையில் இஃது எதற்கு என வாசகர் வினவலாம். அப்பெண்களின் சொல்லைச் செவிமடுத்த காதுதான் பறவை தின்னும் சிலந்தியின் கதையையும் செவிமடுத்தது என்பதற்காகவே.

1758இல் லின்னேயஸ் அவ்வினத்துக்குப் பறவையை நினைவூட்டும் 'அவிகுலாரியா' என்னும் பெயரை இட்டார். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் விஞ்ஞானம் ஆடவரின் சங்கங்களுக்குள் அமைந்துகொண்டபோது மேரியனின் சாட்சியம் ஏளனத்துக்கு உள்ளாயிற்று. மேற்கிந்தியத் தீவிலே வாழ்ந்த கில்டிங் என்னும் பாதிரியாரின் கண்டனக் கட்டுரை 1834இல் இலண்டனில் வெளியாயிற்று. சிலந்தியாவது பறவையைத் தின்பதாவது என்று மக்லே என்னும் விலங்கியலாளரும் அதே ஆண்டிலே மறுத்தார். மேரியன் இறந்து நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. விடைகூற அவர் இல்லை.

விடை வேறொருவரிடமிருந்து வந்தது. லெஸ்ரர் நகரிலே காலுறை வணிகரிடம் தொழில்பழகும் பையனாக வாழ்க்கையைத் தொடங்கியவர் ஹென்றி வால்ரர் பேற்ஸ். பல்கலைக்கழக வாசலை மிதித்தவரல்லர். 1848 முதல் 1859 வரை பதினொரு ஆண்டுகள் அமேசன் காடுகளிலே உழன்றார். அங்கே கமெற்றா என்னும் இடத்தருகே, மரப்பிளவொன்றில் பின்னப்பட்ட வலையிலே இரண்டு சிறு குருவிகள் சிக்கியிருப்பதையும், ஒன்று இறந்தும் மற்றது இறக்குந் தறுவாயிலும் கிடப்பதையும், அருகே பெருஞ்சிலந்தி நிற்பதையும் கண்டார். 1863இல் வெளிவந்த அவரது பயணநூலிலே இதனை எழுதினார். அதே நூலில் இன்னொரு காட்சியும் வருகிறது. அவருக்காக உயிரினங்களைச் சேகரித்த பூர்வகுடிக் குடும்பமொன்றின் சிறுவர்கள் இத்தகைய சிலந்தியொன்றின் இடையிலே கயிறு கட்டி, நாய்க்குட்டியை நடத்துவதுபோல் வீட்டினுள்ளே நடத்தித் திரிந்தனராம். இலண்டனின் அறிஞர் நம்ப மறுத்த உயிர் அச்சிறுவருக்கு விளையாட்டுத் தோழனாயிருந்தது.

மேரியன் கூறியது முழுவதும் சரியென்று கொள்ளவேண்டியதில்லை. பறவை இச்சிலந்திகளின் அன்றாட உணவன்று. வண்டு, கரப்பான், வெட்டுக்கிளி முதலியவையே பெரும்பாலும் இரை. தவளையும் பல்லியும் சிறு எலியும் சிலவேளை அகப்படும். பறவை அரிதிலும் அரிது.

மெய்யாகவே இவ்வுயிர் எவ்வாறு வாழ்கிறது என்பதனை இங்கே சற்று விரித்துரைத்தல் தகும். இதன் குருதியிலே இரும்புக்குப் பதிலாகச் செம்பு இருத்தலின் அது நீலம் பாய்ந்தது. காலை மடக்கத் தசையுண்டு. நீட்டுவதற்கோ முக்கிய மூட்டுகளிலே தசையில்லை, உடலின் நீரழுத்தமே காலை நீட்டுகிறது. செத்த சிலந்தி கால்களை உள்மடக்கிக் கிடப்பது அழுத்தம் இல்லாமற் போனமையால்தான். சற்று உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடித்து இறந்துவிடும். இத்தனை மெல்லிய உயிரைத்தான் நாம் அரக்கன் என்கிறோம். வளருங்காலத்தில் தோலைக் கழற்றிக் கழற்றியே வளரும். பெண் சிலந்தி பல இனங்களிலே பத்தாண்டுக்கு மேலும், மெக்சிக்கோவின் செம்முழங்காற் சிலந்தி போன்ற சிலவற்றிலே இருபதாண்டுக்கு மேலும் வாழும். ஆணுக்கு முதிர்ச்சியடைந்தபின் நீண்ட ஆயுள் இல்லை. துணைதேடிப் பொந்தைவிட்டு வெளிக்கிளம்பி அலைவது அதுவே. ஆகையால் மனிதரின் கண்ணிற்பட்டுச் செருப்படிக்கு ஆளாவதும் பெரும்பாலும் அதுவே. மாங்குளத்து ஊர்வாசி கொன்றதும் ஆண்தான்.

இந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத ஒரு பேரினம் இக்குடும்பத்தில் உண்டு. பிரெஞ்சு அறிஞர் சிமோன் 1885இல் அதற்குப் 'பொயிசிலோதீரியா' எனப் பெயரிட்டார். பலவண்ண விலங்கு என்பது அதன் பொருள். ஏறக்குறைய 15 இனங்கள் உள்ளன. அவற்றுட் பாதிக்கு மேல் நமது தீவிலும் காணப்படுபவை. சிங்கள மக்கள் இதனைத் 'திவி மக்குளுவா' என்பர், அதாவது சிறுத்தைச் சிலந்தி. இவை நிலத்திலே வளை தோண்டுவனவல்ல. முதிர்ந்த மரங்களின் பொந்துகளிலே வாழ்வன. தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்தில் நெடுநாள் கூடி வாழ்வதுமுண்டு. சிலந்திகளிடையே இஃது அருமை. ஈரவலயக் காடுகளிலே இன்னொரு வியப்பும் பதிவாகியிருக்கிறது. இச்சிலந்தி வாழும் மரப்பொந்தின் தேங்கிய நீரிலே சிறு தவளையினம் ஒன்று முட்டையிடுகிறது. சிலந்தி அத்தவளையைத் தின்பதில்லை. தவளை, சிலந்தியின் முட்டைகளை நாடிவரும் எறும்புகளைத் தின்கிறது. இலங்கை ஆய்வாளர் இதனை 2009இல் எழுதி வெளியிட்டனர்.

கடியைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடவேண்டும். தீங்கேயில்லை என்று கூறுவது மாணவரை ஏமாற்றுவதாகும். பொயிசிலோதீரியாவின் கடி மிகுந்த வலி தரும். தசைப்பிடிப்பு நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில், விட்டுவிட்டு வரக்கூடும். வைத்தியரை நாடுவதே தக்கது. ஆயினும் அதனால் மனிதர் எவரும் இறந்ததாக உறுதிப்பட்ட பதிவு இல்லை.

இனி இரண்டாம் வினா. மரப்பொந்து என்றால் முதிர்ந்த மரம். முதிர்ந்த மரம் என்றால் வெட்டப்படாத காடு. ஆகவே சிலந்தியின் வரலாறு நிலவுடைமையின் வரலாற்றுக்குள் வந்துவிடுகிறது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நமது வரலாற்று மாணவர் அறிந்ததே. உறுதி காட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் விறகு பொறுக்கியும் வந்த கண்டிக் கிராமத்தவரிடம் உறுதி எங்கிருந்து வரும்? அக்காடுகள் தொடக்கத்திலே ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்கப்பட்டன. வாங்கியோர் பட்டியலில் ஆளுநர் முதலாக நீதிபதியர், படையதிகாரிகள், பாதிரிமார் ஈறாகப் பலர் இருந்தனர். சட்டம் இயற்றிய கையே நிலத்தை வாங்கிற்று. மலைச்சரிவிலே மரங்களை அரைகுறையாக வெட்டிவைத்து, உச்சியிலுள்ளவற்றை முழுவதும் வெட்டிச் சாய்த்தால், அவை விழும் வேகத்திலே கீழுள்ளவையெல்லாம் வரிசையாய் முறிந்து வீழும். பின்னர் தீ வைக்கப்படும். 1870களின் இறுதியில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரந்திருந்தது. 1869இலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை அந்நிலத்தைப் பற்றியதோடு மேலும் உயர்ந்த காடுகளுக்குள்ளும் ஏறிற்று. தீவின் நிலப்பரப்பில் 1881இலே 84 சதவீதமாயிருந்த காடு 1956இலே 44 சதவீதமாகக் குறைந்ததென்பர். பிந்திய வீழ்ச்சிக்குக் குடியேற்றத் திட்டங்களும் சுதந்திரத்தின் பின்வந்த அரசாங்கங்களும் பொறுப்பு. அனைத்தையும் வெள்ளைக்காரன் தலையிலே கட்டிவிட முடியாது.

மரத்தை வெட்டும் குத்தகை வேலையிலே கண்டிக் கிராமத்தவர் பலர் ஈடுபட்டனர். எரிந்த சரிவிலே குழிதோண்டிக் கன்று நட்டவர்களோ தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையிலே இறங்கி, காட்டுப் பாதையிலே மாத்தளை வரை நடந்து, வழியிலே வாந்திபேதிக்கும் பசிக்கும் பலரைப் பலிகொடுத்து வந்து சேர்ந்தவர்கள். வெட்டியவனுக்கும் காடு சொந்தமில்லை, நட்டவனுக்கும் தோட்டம் சொந்தமில்லை. நட்டவனின் பேரப்பிள்ளைகளுக்கு 1948இல் நாடும் சொந்தமில்லை என்றாயிற்று. அச்சரிவுகளின் மரப்பொந்துகளிலே வாழ்ந்த சிலந்தியை எவர் நினைத்தார்? இன்று கண்டி, மாத்தளை மாவட்டங்களிலே எஞ்சிய சிறு காட்டுத் துண்டுகளில் மட்டும் காணப்படும் 'ஸ்மிதி' என்னும் இனம் 1996இலேதான் விஞ்ஞானத்தின் பதிவேட்டில் இடம்பெற்றது. பதிவாவதன் முன்னரே அழிந்துபோன இனங்களும் இருந்திருக்கலாம் என்று எண்ணுவது மிகையன்று.

இதே பேரினத்தின் இந்தியக் கிளையொன்றின் கதை இன்னும் துலக்கமானது. 1899இலே பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த போகொக், ஆந்திரத்துக் கூட்டி என்னும் ஊரிலே கிடைத்த நீலச் சிலந்தியொன்றை விபரித்து 'மெற்றாலிக்கா' எனப் பெயரிட்டார். அது கிடைத்த இடம் புகையிரத நிலையத்து மரக்கிடங்கு. அதன்பின் நூறாண்டு காலம் அதனை எவரும் காணவில்லை. 2001இலே கூட்டியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டிலே மறுபடி காணப்பட்டது. அதன் வீடு கூட்டியன்று. வெட்டப்பட்ட மரத்தினுள்ளே ஒளிந்திருந்து மரத்தோடு வண்டியேறி வந்த அகதி அது. அகதியின் முகாமையே அதன் ஊரென்று நூல்கள் நூறாண்டு எழுதிவந்தன. 2008இலே அவ்வினம் அழிவின் விளிம்பிலுள்ளதாக உலகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அதன் நீலநிறம் சாயத்தினால் ஆனதன்று என்பதும், உரோமங்களிலுள்ள மிக நுண்ணிய அடுக்கமைப்பு ஒளியைச் சிதறுவதனால் ஆவது என்பதும் இப்போது தெரிந்தவை. இக்குடும்பத்திலே நீலநிறம் குறைந்தது எட்டு முறை தனித்தனியே தோன்றியிருக்கிறதென 2015இல் ஓர் ஆய்வு காட்டிற்று. அந்நீலந்தான் அதற்குக் கேடாகவும் முடிந்தது. அதற்காகவே மேனாட்டு வளர்ப்போர் அதனைத் தேடுகின்றனர்.

மன்னாருக்கு மீள்வோம். 2004இலே இராமேசுவரத்தில் அனுமவிலாசம் கோயிலைச் சூழ்ந்த தோப்பிலே கண்டெடுத்த சிலந்திக்கு அக்கோயிலின் பெயரே இடப்பட்டது. புளியமரங்களை அண்டி வாழும் அவ்வினம் இராமேசுவரம், மண்டபம் பகுதிகளுக்கே உரியதென்று கருதப்பட்டது. 2015இலே அதே இனம் மன்னாரிலும் இருப்பதாக நாணயக்காரவும் அவரது குழுவினரும் வெளியிட்டனர். கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனியூழிக் காலத்திலே இரு கரையும் ஒரே நிலமாயிருந்தன என்பதற்கு எட்டுக்காற் சாட்சியொன்று கிடைத்தது. கோயிலைச் சூழ்ந்தமையால் அங்கே சில மரங்கள் தப்பின. தெய்வத்துக்கு அஞ்சிய கோடரி சட்டத்துக்கு அஞ்சுவதில்லை என்பது நாத்திகனான எனக்கும் ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி. ஆயினும் தோப்பின் நிலத்துக்கு விலை ஏறும்போது தெய்வம் எத்தனை நாளைக்குக் காக்கும் என்பதும் கேட்கத்தக்கதே.

காடு குறைந்து சிலந்தி அருகிய அதே காலத்தில் சந்தை பெருகிற்று. கண்ணாடிப் பெட்டியிலே பெருஞ்சிலந்தி வளர்ப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரந்ததொரு பொழுதுபோக்கு. மெக்சிக்கோவின் செம்முழங்காற் சிலந்தி இவ்வாறே சூறையாடப்பட்டு, 1985இலே அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டினுள் கொண்டுவரப்பட்டது. நமது இனங்களுக்கு அக்காப்புக் கிடைக்க இன்னும் முப்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன. அதற்கான மாநாடு 2019ஆம் ஆண்டு கொழும்பிலே நடைபெறவிருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னர் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு ஓகஸ்ற் மாதத்தில் கூடிற்று. இலங்கையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் முன்மொழிந்தபடி பொயிசிலோதீரியாப் பேரினம் முழுவதும் இரண்டாம் பட்டியலிலே சேர்க்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே அமெரிக்க அரசு இலங்கையின் ஐந்து இனங்களைத் தனது அழியும் உயிர்களின் பட்டியலிற் சேர்த்திருந்தது.

இவை வரவேற்கத்தக்கனவே. ஆனால் கட்டுப்பாட்டின் முன்னரே கடல்கடந்து சென்ற சிலந்திகளின் வழிவந்த குஞ்சுகள் அங்கே பெட்டிபெட்டியாய் இனம்பெருக்கப்பட்டு விற்பனையாகின்றன. வளர்ப்போர் இதுவும் பாதுகாப்பே என வாதிடுவர். அவர்களுட் சிலர் சிலந்தியை மெய்யாகவே நேசிப்பவர்கள், அவர்களது கவனிப்பினால் நாம் அறிந்தவையும் பல. மாங்குளத்துச் சிலந்தியே பிரித்தானிய வளர்ப்போர் சங்கத்தின் இதழிலேதான் முதலில் விபரிக்கப்பட்டது. ஆயினும் தவளையில்லாத, எறும்பில்லாத, மழைநீர் தேங்காத கண்ணாடிப் பெட்டியிலே எஞ்சியிருப்பதைப் பாதுகாப்பு என்று நான் கொள்ளமாட்டேன். அது சேமிப்பு. மேலும், வணிகத்தைத் தடுக்கும் சட்டம் விற்பவனையும் வாங்குபவனையும் பிடிக்கும். பொந்துள்ள மரத்தை அறுத்துப் பலகையாக்குபவனை அது தொடாது. அறுக்கப்பட்ட மரத்தோடு போகும் சிலந்தியை எந்தச் சுங்கச் சாவடியிலும் எவரும் கணக்கெடுப்பதில்லை.

மாங்குளத்துச் சிலந்தி வைத்தியர் விடுதிக்குள் வந்தது ஏன் என்பதற்கு ஆய்வாளர் அன்றே விடைகூறியிருக்கின்றனர். இவை நன்கு முதிர்ந்த மரங்களையே நாடுபவை, அத்தகைய மரங்கள் அருகியமையால் பழைய கட்டடங்களின் இருளிலே ஒதுங்குகின்றன என்பது அவர்கள் கூற்று. போர்க்காலத்திலே காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் வன்னியின் மரங்கள் எத்தனை தறிக்கப்பட்டன, போரின் பின் வீதி அகலிப்புக்கும் மீள்குடியேற்றத்துக்கும் எத்தனை சாய்ந்தன என்பவற்றை நாம் இனித்தான் எழுதவேண்டும். வீடிழந்து மீண்டவன் தன் வளவைத் துப்புரவு செய்வதைக் குற்றமென்று சொல்ல எவருக்கும் வாய் வராது. அவனுக்கு நிலமும் மரத்துக்கு ஆயுளும் ஒருங்கே கிடைக்கும்படி திட்டம் வகுப்பது அவனது கடமையன்று, அரசின் கடமை.

அவ்விடுதிச் சுவரிலே ஒண்டியிருந்த சிலந்திகளுக்கு முன்னர் வீடாயிருந்த மரம் பாலையோ, மருதோ, வீரையோ? எந்த மரத்திலே பொந்து விழும், எந்த வயதிலே விழும் என்பதை மாங்குளத்து முதியவர்கள் நூல் பாராமலே சொல்வார்கள். வரும் விடுமுறையிலே அவர்களிடம் சென்று கேட்டு எழுதிவர என் மாணவர் இருவர் ஒப்புக்கொண்டிருக்கின்றனர். சொல்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் முதற்பக்கத்திலே குறித்துக்கொள்ளும்படி அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.